மேலே கூலிங் இல்லை, கீழே கல்லாட்டம் ஐஸ்: கீழ் ஃப்ரீசர் ஃபிரிட்ஜுக்கு கியாஸ் போடலாமா?

#1 உச்சிப்புளி_தோப்பு
340 லிட்டர், ஃப்ரீசர் கீழே டிராயராக வரும் மாடல். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். பின்னால் லேபிளில் ஆர்600ஏ கியாஸ், 52 கிராம் என்று போட்டிருக்கிறது. ஆறு வருஷம் ஆகிறது.

மேல் பகுதியில் தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் 14 டிகிரி. பால் ஒரு நாள் தாங்கவில்லை. கீழே மீன் கல்லாக இருக்கிறது, மைனஸ் 15. கடைசி டிராயரை இழுத்தால் கரகரவென்று உரசுகிறது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு, பளிங்கு மாதிரி ஐஸ். பார்க்க வந்தவர் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கியாஸ் இறங்கிவிட்டது, 4,500 ஆகும் என்றார். போடலாமா?

#2 மண்டபம்_கூலிங்
போடாதீங்க. கியாஸ் குறைந்தால் ஃப்ரீசரும் சேர்ந்தே அடி வாங்கும். உங்களுக்கு அது மைனஸ் 15-ல் நிற்கிறது. குளிர் உண்டாகிறது, மேலே போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த மாடலில் குளிர் உண்டாக்கும் வளைகுழாய், அதாவது காயில் (coil), ஒன்றே ஒன்று. ஃப்ரீசரின் பின் தட்டுக்குப் பின்னால் நிற்கும். அதற்கு மேல் ஒரு சின்ன பேன். பேன் காற்றைத் தள்ளினால்தான் பின்சுவர் டக்ட் வழியாக, டேம்பர் என்கிற சின்னக் கதவைத் தாண்டி மேலே குளிர் ஏறும். குளிர்ந்த காற்று தானாகக் கீழேதான் இறங்கும், மேலே ஏறாது. ஃப்ரீசர் மேலே இருக்கும் பழைய ஃபிரிட்ஜில் பேன் கொஞ்சம் தளர்ந்தாலும் ஏதோ சமாளிக்கும். இதில் சமாளிப்பே கிடையாது.

அப்படியானால் பார்க்க வேண்டியது மூன்று: காயில் ஐஸில் மூடிவிட்டதா, பேன் சுற்றுகிறதா, டேம்பர் திறக்கிறதா. அடியில் ஐஸ் பாளம் இருப்பதால் முதலாவதில்தான் எனக்குச் சந்தேகம்.

#3 தொண்டி_77
கரண்டைப் பிடுங்கிட்டு ஒரு நாள் கதவைத் திறந்து போடுங்க. தன்னால சரியாயிடும். இதுக்கு எதுக்கு இவ்வளவு?

#4 மண்டபம்_கூலிங்
சரியாகும். பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வரும். ஐஸ் உருகினால் காற்று வழி திறக்கும், ஐஸ் ஏன் பிடித்தது என்ற காரணம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். அதையும் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம்: உருக்கிய பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடி மறுபடி மேலே சூடேறினால் அது டீஃப்ராஸ்ட் கோளாறு, அதாவது காயிலில் படியும் பனியை அவ்வப்போது ஹீட்டர் போட்டு உருக்கும் அமைப்பில் கோளாறு. கியாஸ் குறைந்த ஃபிரிட்ஜ் உருக்கின மறுநாளும் அதே மாதிரிதான் கிடக்கும்.

ஆனால் உருக்குவதற்கு முன்னால் பின் தட்டைக் கழற்றி ஐஸ் எந்த வடிவில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். உருகிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

காயில் முழுக்க, மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக, பஞ்சு அடைத்த மாதிரி: ஹீட்டர் சர்க்கியூட் வேலை செய்யவில்லை. மேல் பாதி சுத்தம், கீழே மட்டும் கண்ணாடி ஐஸ்: ஹீட்டர் நன்றாக இருக்கிறது, உருகிய தண்ணீர் போக வழியில்லை. ஒரு மூலையில் இரண்டு மூன்று சுற்றில் மட்டும் உருண்டையாக ஐஸ், மற்ற சுற்றெல்லாம் உலர்ந்து கிடக்கிறது: இது ஒன்றுதான் கியாஸ் குறைவு. மெல்லிய படலம் சீராக இருக்கிறது, ஆனாலும் மேலே குளிர் இல்லை: பேன் அல்லது டேம்பர்.

#5 பெரியபட்டினம்_ரா
பின் தட்டைக் கழற்றுவதைப் பற்றி. பிளக்கை உருவிவிட்டுத் தொடங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டிராயர்களை வெளியே எடுங்கள். சில மாடலில் தள்ளுவண்டித் தண்டவாளம் மாதிரி இருபக்கமும் ரெயில் இருக்கும், அதையும் கழற்ற வேண்டும். தட்டில் ஸ்குரூ இரண்டிலிருந்து நான்கு, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். மீதி கிளிப். கீழ் ஓரத்தை முதலில் முன்னால் இழுத்து, பிறகு மேலே. பேன் வயர் தட்டோடு சேர்ந்து வரும், சடாரென்று இழுத்தால் சாக்கெட் பிய்ந்துவிடும்.

தட்டு ஐஸோடு ஒட்டி வர மறுத்தால் நெம்பாதீர்கள். தட்டு ஒடிந்தால் முழுத் தட்டையும் வாங்க வேண்டும். வெந்நீர்க் குண்டானை ஃப்ரீசருக்குள் ஒரு மரப்பலகை மேல் வைத்துக் கதவைச் சாத்துங்கள். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மூன்று நான்கு சுற்றில் தட்டு விட்டுக்கொடுக்கும். அதன் பிறகு டேபிள் பேனைத் திருப்பி வைத்தால் மீதி ஐஸ் இறங்கும். இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வரும், பழைய கைலி நாலைந்து விரித்துக்கொள்ளுங்கள்.

கத்தி, ஸ்குரூடிரைவர், மீன் வெட்டும் அருவாமனை எதுவும் காயில் பக்கம் வரக்கூடாது. அலுமினியக் குழாயின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு குத்து, கதை முடிந்தது.

#6 தொண்டி_77
ஐஸ் மேல கல்லுப்பு போட்டா சீக்கிரம் உருகுமே. மீன்பெட்டிக்கு அப்படித்தானே?

#7 பெரியபட்டினம்_ரா
உருகும். கூடவே காயிலும் போகும். உப்புத்தண்ணீர் அலுமினியத்தைப் பொடிப்பொடியாக அரிக்கும். ட்ரெயினில், அதாவது உருகிய தண்ணீர் இறங்கும் குழாயில், தங்கிய உப்பு கீழே தண்ணீர் சேரும் ட்ரேக்குப் போய் கம்ப்ரஸர் பைப்பையும் தின்னும். கடல்காற்று செய்வது போதாதா, நாம் வேறு கரைத்து ஊற்ற வேண்டுமா?

#8 உச்சிப்புளி_தோப்பு
கழற்றிவிட்டேன். காயில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை, ஒரு இடம்கூட உலோகம் தெரியவில்லை. கீழ்ப் பகுதியில் மட்டும் வெள்ளைக்கு அடியில் கண்ணாடி ஐஸ். பேன் இறக்கை ஐஸில் உரசிய தடம் வட்டமாக இருக்கிறது. உருக்கிவிட்டு மீட்டர் வைத்தேன்:

ஹீட்டர் 290 ஓம். அதோடு தொடராக இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற ஃபியூஸ்: மீட்டர் அசையவே இல்லை. காயில் சூட்டை அளக்கும் சென்சார் 4.05 கிலோ ஓம். நெட்டில் 5 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறது, அப்படியானால் சென்சாரும் போய்விட்டதா?

#9 மண்டபம்_கூலிங்
சென்சார் நன்றாக இருக்கிறது. 5 கிலோ ஓம் என்பது 25 டிகிரிக்கு. இந்த வெயிலில் உங்கள் அறை 31 டிகிரிக்குக் குறையாது. இந்த வகை சென்சார் சூடேற ஏற ஓம் இறங்கும், ஆகவே 4.05 சரியான அளவு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த தம்ளரில் ஐந்து நிமிஷம் மூழ்க வைத்துப் பாருங்கள்: 13 கிலோ ஓம் பக்கம் வர வேண்டும். வேறு சில மாடலில் 10 கிலோ ஓம் சென்சார் வரும், அது ஐஸ் தண்ணீரில் 30-க்கு மேல் போகும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கடையில் "ஃபிரிட்ஜ் சென்சார்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கன்ட்ரோல் போர்டு தப்பான வெப்பநிலையைப் படித்துக்கொண்டு தப்பான நேரத்தில் ஹீட்டரை நிறுத்தும்.

ஹீட்டர் 290 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 180 வாட் சொச்சம். நல்ல ஹீட்டர். கோளாறு அந்த ஃபியூஸ்தான். நல்ல ஃபியூஸ் என்றால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டி பீப் அடிக்க வேண்டும்.

#10 சாயல்குடி_எஸ்
ஃபியூஸ் வயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்திட்டா ஓடுமே. நெறைய பேரு அப்படித்தான் செய்யுறாங்க.

#11 கீழக்கரை_வயரிங்
தம்பி, அந்த வேலை வேணாம். அந்த ஃபியூஸ் கரண்டு அதிகமானா போறதுக்கு இல்ல, சூடு அதிகமானா போறதுக்கு. 72 டிகிரியோ 77 டிகிரியோ அதுலயே அச்சடிச்சிருக்கும். போர்டுல ஹீட்டரைப் போட்டு நிறுத்தற சுவிட்ச், அதான் ரிலே, ஒட்டிக்கிட்டா ஹீட்டர் நிக்காம எரியும். சுத்தி பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும், குழாய்ல இருக்கறதோ எரியற கியாஸ். கடைசியா தடுக்க நிக்கிற ஒரே ஆளு அந்த ஃபியூஸ்தான். அதே டிகிரி, 250 வோல்ட், 10 ஆம்பியர் பாத்து வாங்குங்க.

மாட்டும்போது சால்டர் வைக்காதீங்க, சால்டர் சூட்டுலயே புது ஃபியூஸ் உள்ளுக்குள்ள போயிடும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, திரும்ப மாட்டின பொறவுதான் தெரியும். கிரிம்ப் ஸ்லீவ்னு சின்ன உலோகக் குழல் இருக்கு, ரெண்டு வயரையும் அதுல விட்டு நசுக்குங்க. மேல உள்பக்கம் பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க், சூடு பட்டா சுருங்கி இறுகற டியூப். ஷ்ரிங்க் சூடு பண்ணும்போது ஃபியூஸ் உடம்பை ஈரத்துணியில பிடிச்சுக்குங்க. ஜாயிண்ட் மேல பாத்து இருக்கணும், வயர் கீழ தொங்கி வளைஞ்சு ஏறணும். அப்பத்தான் தண்ணி ஜாயிண்டுக்குள்ள வடியாது.

#12 உச்சிப்புளி_தோப்பு
சரி காக்கா. ஆனால் ஃபியூஸ் ஏன் போனது? புதுசு போட்டாலும் திரும்பப் போகாதா?

#13 மண்டபம்_கூலிங்
இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு காரணம் வழக்கம். ஒன்று, சென்சார் காயில் குழாயைக் கவ்விப் பிடிக்காமல் கிளிப் கழன்று காற்றில் தொங்குவது. காயில் சூடேறியது அதற்குத் தெரியாது, ஹீட்டர் நேரம் தாண்டி எரியும், ஃபியூஸ் உயிரைக் கொடுக்கும். இரண்டு, ட்ரெயின் அடைத்து ஃபியூஸ் மாதக்கணக்கில் ஐஸுக்குள் புதைந்து கிடப்பது. ஐஸ் உறைந்து விரிந்து உருகி, அந்தப் பிசின் அடைப்பில் கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கும். உங்கள் ஃபியூஸின் கால் பச்சையாக இருக்கிறதா பாருங்கள்.

#14 உச்சிப்புளி_தோப்பு
பச்சைதான். ஒரு கால் தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. சென்சார் கிளிப் கெட்டியாக இருக்கிறது.

#15 மண்டபம்_கூலிங்
அப்படியானால் முதல் குற்றவாளி ட்ரெயின். ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த வருஷம் இதே இழையில் சந்திப்போம்.

காயிலுக்கு அடியில் அலுமினியத் தொட்டி, நடுவில் விரல் நுழையாத ஓட்டை. அங்கிருந்து குழாய் பின்பக்கம் கம்ப்ரஸர் அறையில் இருக்கும் ட்ரேயில் இறங்கும். மேலிருந்து: மருந்துக்கடை 50 மில்லி சிரிஞ்ச், முனையில் மெல்லிய ரப்பர் டியூப், கை பொறுக்கிற சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீர். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், உள் பிளாஸ்டிக் வெடிக்கும். கீழிருந்து: பின்னால் அடி மூடியில் ஐந்தாறு ஸ்குரூ. கழற்றினால் ட்ரெயின் குழாய் முனை தெரியும். முனையில் வாத்து மூக்கு மாதிரி தட்டையான ரப்பர் ஒன்று மாட்டியிருக்கும். அதை உருவி வெளிச்சத்தில் பிளந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே கறுப்பாக, வழவழவென்று பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குழாயிலேயே நிற்கும், பின்னோக்கி உறையும்.

#16 சாயல்குடி_எஸ்
அந்த ரப்பரே வேணாம்னு கழட்டிப் போட்டுட்டா அடைக்காதுல்ல?

#17 மண்டபம்_கூலிங்
அடைக்காது, வேறு விதமாக உறையும். அந்த ரப்பர் தண்ணீரை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. அதை எடுத்துவிட்டால் கம்ப்ரஸர் அறையின் சூடான ஈரக்காற்று குழாய் வழியே ஃப்ரீசருக்குள் ஏறும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? ட்ரெயின் ஓட்டையைச் சுற்றியே பனி கட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உதட்டுப் பிளவு ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். ரப்பர் விறைத்துப் போயிருந்தால் மாற்றுங்கள்.

முடிந்ததும் மேலிருந்து கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நிற்காமல் ட்ரேக்கு வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு பாக்கி.

#18 ஏர்வாடி_பழுது
ஓட்டை திரும்ப உறையாமல் இருக்க ஒரு வழி: தடிமனான செம்புக் கம்பியை ஹீட்டரில் இரண்டு சுற்று சுற்றி, மீதி ஐந்து சென்டிமீட்டரை ட்ரெயின் ஓட்டைக்குள் தொங்க விடுங்கள். டீஃப்ராஸ்ட் ஆகும்போது கம்பி சூட்டைக் கீழே கொண்டுபோகும்.

#19 பெரியபட்டினம்_ரா
யோசனை சரி, உலோகம்தான் சரியில்லை அண்ணே. ஹீட்டர் உறை அலுமினியம், தொட்டி அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். நம் பக்கம் அந்த ஈரத்தில் உப்பும் உண்டு. ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் அலுமினியத் தகடு வெட்டி அதே மாதிரி மடித்துத் தொங்க விடுங்கள்.

#20 ஏர்வாடி_பழுது
மதுரையில் செம்புக் கம்பி பல வருஷம் ஒன்றும் ஆகாமல் நிற்கிறது.

#21 பெரியபட்டினம்_ரா
மதுரையில் நிற்கும். இங்கே கச்சான் காற்று அடிக்கும் மாசங்களில் ஜன்னல் கம்பியைத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கிறது. அந்தக் காற்றுதான் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் காயிலுக்குப் போகிறது. தகடு இருக்க செம்பு எதற்கு?

#22 உச்சிப்புளி_தோப்பு
தகடே போடுகிறேன். பேன் இறக்கை ஐஸில் உரசியதால் இப்போது கையால் சுற்றினால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

#23 கீழக்கரை_வயரிங்
தோப்புக்காரர்னு பேரை வச்சிக்கிட்டு இப்படிக் கேக்கலாமா? மார்கழிக் காலையில பாட்டில்ல தேங்காய் எண்ணெய் உறையுதா இல்லியா? மைனஸ் 20-ல அது மெழுகு. பேன் அத்தோட நின்னுடும்.

பேன் 12 வோல்ட் டிசி. பிளக்கை மாட்டி, ஃப்ரீசர் கதவு சுவிட்சை அமுக்கிப் பிடிங்க. சுவிட்ச் இல்லாத மாடல்ல கதவுல காந்தம் இருக்கும், சட்டத்துல அந்த எடத்துல ஒரு காந்தத்தை வச்சாப் போதும். ரெண்டு நிமிசம் பொறுங்க, சிலது உடனே சுத்தாது. போர்டுல இருந்து 12 வோல்ட் வந்தும் சுத்தலைன்னா மோட்டார் போச்சு. வோல்ட்டே வரலைன்னா போர்டு பக்கம் பாருங்க. சுத்தித் தொடங்கி பத்து செகண்டுல நின்னு நின்னு போச்சுன்னா வேகத்தைத் திருப்பிச் சொல்ற வயர் அறுந்திருக்கும். ஷாஃப்ட்ல துரு இருந்தா மோட்டாரை மாத்துங்க, எண்ணெய் வேணாம். பழைய இறக்கையை எடுத்து மாட்டுறப்ப ஷாஃப்ட்ல அதே ஆழத்துக்குப் போகணும், ரெண்டு மில்லி வெளிய நின்னாலும் தட்டுல உரசும்.

#24 தங்கச்சிமடம்_ஜெ
அண்ணன்மாரே, ஒரு கேள்வி. எங்கள் ஃபிரிட்ஜும் இதே மாதிரி கீழ் ஃப்ரீசர். கூலிங் பிரச்சினை இல்லை. ஆனால் கரண்டு லீக்கானால் லைனை நிறுத்தும் வீட்டு இ.எல்.சி.பி. சுவிட்ச் திடீரென்று விழுகிறது. பெரும்பாலும் விடியக்காலை, ஒரு நாளில் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. ஃபிரிட்ஜ் பிளக்கை எடுத்துவிட்டால் விழுவதில்லை.

#25 கீழக்கரை_வயரிங்
தங்கச்சி, டீஃப்ராஸ்ட் ஹீட்டர். எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது எரியும். எரியறப்ப மட்டும்தான் விழும். உறையில கீறல், ஈரம் உள்ள போயி எர்த்துக்கு லீக். சாதா மீட்டர்ல ஓம் பாத்தா நல்லாத்தான் காட்டும், ஏமாந்துடாதீங்க. 500 வோல்ட் மெகர், அதான் இன்சுலேஷன் பாக்கற மீட்டர், வச்சு ஹீட்டர் வயருக்கும் பாடிக்கும் நடுவுல பாக்கச் சொல்லுங்க. ரெண்டு மெகாஓமுக்குக் கீழ வந்தா ஹீட்டரை மாத்தணும்.

யாராச்சும் வந்து "இ.எல்.சி.பி. கெட்டுப்போச்சு, கழட்டிடலாம்"னா விடாதீங்க. எர்த் வயர் மண்ணுல இறங்கற குழி, அந்த எர்த் பிட்டையும் பாருங்க. மணல் தரையில பிட் காஞ்சு கெடந்தா எர்த் பேருக்குத்தான் இருக்கும். அப்ப லீக்கான கரண்டு ஃபிரிட்ஜ் கைப்பிடியில நிக்கும்.

#26 தொண்டி_77
உண்மையிலேயே கியாஸ் போயிருந்தா என்ன செய்யணும்? எங்களுக்கு மூலையில உருண்டை ஐஸ், மத்ததெல்லாம் காஞ்சு கெடக்கு.

#27 மண்டபம்_கூலிங்
அப்படியானால் உங்களுக்குக் கியாஸ்தான். ஆனால் கியாஸ் போடுவதற்கு முன் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது ஆவியாகித் தீர்ந்துபோகிற சரக்கு கிடையாது. இந்தக் கரையில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடங்கள்: ட்ரேக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஈரம் படும் பைப், செம்பும் அலுமினியமும் சேரும் ஜாயிண்ட், காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும், கறுப்பு ஸ்பான்ஜ் சுற்றிய ரிட்டர்ன் பைப். ஸ்பான்ஜை உரித்துப் பாருங்கள், உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு தெரியும் இடம்தான் ஓட்டை. ஃப்ரீசர் கதவுச் சட்டத்துக்குள்ளும் ஒரு சூட்டுக் குழாய் ஓடுகிறது, கதவோரம் வேர்க்காமல் இருக்க. அது உள்ளே அரித்துவிட்டால் நுரைக்குள் கை விட முடியாது, அந்தச் சுற்றைத் துண்டித்து வெளியே பைபாஸ் செய்வார்கள். பிறகு மழைக்காலத்தில் கதவோரம் வேர்க்கும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்600ஏ-வில் இன்னொரு வம்பு உண்டு. ஓடும்போது ரிட்டர்ன் பக்க அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கலாம். அந்தப் பக்கம் ஓட்டை என்றால் கியாஸ் வெளியே போவதோடு ஈரக்காற்றும் உள்ளே வரும். ஆகவே ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் ட்ரையர் புதுசு போட்டே ஆக வேண்டும், நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்க வேண்டும், வேக்யூம் அரை மணி நேரத்துக்குக் குறையாமல். கியாஸ் அளவு தராசில் நிறுத்து, லேபிளில் உள்ள கிராம் கணக்குக்கு. 52 என்றால் 52. பைப்பைத் தொட்டுப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுகிறவரை அனுப்பிவிடுங்கள். பழைய கியாஸை வெளியே திறந்தவெளியில் விட்ட பிறகுதான் பைப்பை ஒட்ட நெருப்பு வைக்கலாம். வீட்டுக்குள் அடுப்பு எரியும்போது இந்த வேலை கூடாது.

சமையல் கியாஸை ஏற்றுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. அதில் புரொப்பேன் கலந்திருக்கும், அழுத்தம் வேறு. வாசனைச் சரக்கும் ஈரமும் சேர்ந்து வரும். கம்ப்ரஸர் கொஞ்ச நாளில் படுக்கும்.

#28 பெரியபட்டினம்_ரா
போர்டு பற்றி யாரும் சொல்லவில்லை, ஒரு வரி. பின்பக்க போர்டில் கால்கள் பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, போர்டுக்கான வார்னிஷ் ஸ்ப்ரே அடியுங்கள். கனெக்டர் வாய்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் கனெக்ஷனே கிடைக்காது. பிளக்கை எடுத்த பிறகும் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் கரண்டு நிற்கும், பத்து நிமிஷம் பொறுத்துக் கை வையுங்கள்.

#29 உச்சிப்புளி_தோப்பு
எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஃபியூஸ் 72 டிகிரி, அலுமினியத் தகடு, புது வாத்து மூக்கு ரப்பர், பேன் மோட்டார். கால் லிட்டர் தண்ணீர் ஊற்றினேன், நிற்காமல் இறங்கியது. கதவோர ரப்பரில், அதாவது கேஸ்கெட்டில், பத்து ரூபாய் நோட்டை வைத்து இழுத்துப் பார்த்தேன், ஃப்ரீசர் டிராயரின் கீழ் வலது மூலையில் மட்டும் சும்மா உருவிக்கொண்டு வருகிறது.

#30 மண்டபம்_கூலிங்
டிராயர் கேஸ்கெட் கீழ் மூலையில் மீன் தண்ணீர் காய்ந்து இறுகியிருக்கும். வெந்நீர்த் துணியால் துடைத்து, அந்த மூலைக்கு மட்டும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து விரலால் வெளியே இழுத்து விடுங்கள். ஒரு மணி நேரம் டிராயரைச் சாத்தி வைத்தால் படிந்துவிடும். படியவில்லை என்றால் கேஸ்கெட் மாற்றம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன்னால் எல்லா வீட்டிலும் ஃப்ரீசரை மீனால் அடைப்பீர்கள். பின் தட்டுக் காற்றுத் துவாரத்தை மறைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள். மீனைக் கழுவித் தண்ணீர் வடியவைத்துக் காற்றில்லாமல் கட்டி, ஒரு நாளைக்கு மூன்று கிலோவுக்கு மேல் புதுசாகப் போடாதீர்கள். ஈரப்பையோடு பத்து கிலோவை ஒரே நாளில் திணித்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு காயிலில்தான் போய் ஒட்டும்.

#31 உச்சிப்புளி_தோப்பு
எட்டாவது நாள். மேலே தம்ளர் தண்ணீர் 4 டிகிரி, கீழே மைனஸ் 19. டிராயர் உரசவில்லை.

#32 மண்டபம்_கூலிங்
பின்னால் ட்ரேயில் தண்ணீர் நிற்கிறதா?

#33 உச்சிப்புளி_தோப்பு
அரை விரல் நிற்கிறது. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

#34 மண்டபம்_கூலிங்
அது கம்ப்ரஸர் சூடு, அப்படித்தான் இருக்கணும். மூடியை மாட்டிடுங்க.